இரண்டாவது காக்கி

டிரைவர் குடும்பங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் வளவில் சாயங்காலமானால் எந்தக் கொடியைப் பார்த்தாலும் காக்கிச் சட்டை சொட்டச் சொட்டத் தொங்கும். புதிதாகக் குடிவந்த வாத்தியார் வீட்டு அம்மா ஒருநாள் என்னிடமே கேட்டாள்: "ஏன்க்கா, எல்லாரும் காலையில தொவைப்பாக. நீங்க மட்டும் பொழுதடையத் தொவைக்கியளே?" "சங்கத்து உத்தரவு" என்றேன். நான் கேலி பண்ணுவதாக நினைத்துச் சிரித்தாள். நிஜமாகவே அது சங்கத்து உத்தரவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் பாளையங்கோட்டையில் சோடா, கலர் போடுகிற ஒரு கம்பெனியில் வண்டி ஓட்டினார். பெட்டி பெட்டியாகக் கலர் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு அம்பாசமுத்திரம், திருச்செந்தூர் என்று போய்க் கடை கடையாக இறக்குகிற வேலை. வெயில் காலம் வந்தால் மனிதனுக்கு ராவும் கிடையாது பகலும் கிடையாது. ஒரு நடை முடிந்து வந்தால் அடுத்த நடைக்கு லோடு காத்திருக்கும். வீட்டுக்கு வந்தால் சோற்றில் கை வைத்தபடியே தூங்கி விழுவார். இப்படிப் பல பேருக்கு உடம்பு கெட்டுப்போன பிறகுதான் டிரைவர்கள் சங்கம் சேர்த்து, ஸ்டிரைக் பண்ணி, முதலாளியிடம் ஒப்பந்தம் வாங்கினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி ஷெட்டுக்குள் வந்துவிட வேண்டும். அதற்கு மேல் யாரையும் ஓட்டச் சொல்லக் கூடாது.

ஒப்பந்தம் என்ன செய்யும்? சூப்பர்வைசர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே வளவுக்கு வந்துவிடுவான். "அண்ணாச்சி, ஒரே ஒரு நடை. கடைக்காரன் என் உயிரை எடுக்கான்." இந்த ஆம்பிளைகளை என்னவென்று சொல்ல! கம்பெனி கேட்டில் நின்று கோஷம் போடச் சொன்னால் தொண்டை கிழியும். வாசலில் ஒருத்தன் வந்து அண்ணாச்சி என்று இழுத்தால், முடியாது என்ற சொல் மட்டும் வாயில் வராது. போய்விடுவார்கள்.

அதற்குத்தான் சங்கத் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவரும் டிரைவர்தான், மூத்தவர். காக்கி போடாமல் வண்டி எடுத்தால் போலீஸ் பிடிக்கும். கம்பெனி ஆளுக்குக் கொடுத்ததோ ஒரே ஒரு செட். ஆகவே வீட்டுக்கு வந்ததும் காக்கியைக் கழற்றிப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட வேண்டும், அவள் அதை உடனே வாளியில் முக்கிவிட வேண்டும். சொந்தக் காசில் யாரும் இன்னொன்று தைத்துக்கொள்ளக் கூடாது. இது கூட்டம் போட்டு எடுத்த முடிவு.

அன்றிலிருந்து இல்லையென்று சொல்லுகிற வேலை எங்களிடம் வந்தது. எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! சூப்பர்வைசர் வாசலில் நிற்பான். நான் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே, "சட்டை நனைஞ்சு கெடக்கே தம்பி, வேணும்னா பிழிஞ்சு தரட்டா?" என்பேன். மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவான். என் வீட்டுக்காரர் உள்ளே படுத்துக்கொண்டு பிள்ளைகளோடு சிரிப்பார். அந்த வருஷம்தான் அவர் முகத்தில் சதை பிடித்தது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை எங்கள் ஆட்களே கெடுத்துக்கொண்டார்கள். சங்கத்தின் கோரிக்கைகளில் ரொம்பப் பழைய கோரிக்கை ஒன்று உண்டு: வருஷத்துக்கு இரண்டு செட் காக்கி. சட்டையை நனைக்கிற யோசனையெல்லாம் வருவதற்கு முன்னாலேயே எழுதினது. அதை எடுத்துவிட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்தத் தீபாவளிக்கு முதலாளி, பேரம் எதுவும் பேசாமல், "இதை மட்டும் தாரேன்" என்று சொல்லிவிட்டார். கேட்ட மாத்திரத்தில் கொடுக்கிற முதலாளியை யாராவது கண்டதுண்டா? கூறுகெட்டவர்கள், கம்பெனி கேட்டில் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். என் வீட்டுக்காரர் புதுச் சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் கொடியில் சொட்டிக்கொண்டிருந்த பழைய சட்டையைப் பார்த்தேன்.

மறுவாரமே சூப்பர்வைசர் வந்தான். கொடியைப் பார்த்தான். "அது நனைஞ்சிருக்கு, சரி. இன்னொண்ணு எங்க மதினி?" என்றான்.

இரண்டையும் சேர்த்து நனைத்துப் பார்த்தேன். ஐப்பசி மழை, ஒன்றும் காயவில்லை. காலையில் ஈரத்தோடு போட்டுக்கொண்டு போய் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மழை விட்ட பிறகு, ரெண்டையுமா ஒரே நாளில் நனைப்பாக என்று சூப்பர்வைசர் சிரித்தான்; விட்டுவிட்டேன். வளவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். பழையபடி ஆம்பிளைகள் ஆறு மணிக்கு மேல் போக ஆரம்பித்தார்கள். ஷெட்டுக்கு வண்டி வந்துவிட்டதாக நோட்டில் எழுதிவிட்டு, பின் வாசல் வழியாக எடுப்பார்கள்.

வைகாசி விசாகத்துக்கு முந்தின நாள். திருச்செந்தூரில் கூட்டம் தாங்கவில்லை, கடைகளில் கலர் இல்லை என்று சூப்பர்வைசர் ஓடிவந்தான். இவர் அன்றைக்கு விடியுமுன்னே போய் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் கோவைப்பழம்.

"போவாதீய. சொன்னாக் கேளுங்க" என்றேன்.

"மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கான். என்னத்தச் சொல்லச் சொல்லுத?"

ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

ஆழ்வார்திருநகரி தாண்டி, வண்டி ரோட்டை விட்டு வாய்க்காலில் இறங்கிவிட்டது. தூங்கிவிட்டார், வேறென்ன? பெட்டிகள் எல்லாம் முன்னால் சரிந்து அமுக்கியதில் வலது கால் போயிற்று. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

முதலாளி எட்டிப் பார்க்கவில்லை. காலுக்கு நஷ்டஈடு கேட்டு நாங்கள் மனுப் போட்டதற்குத் தொழிலாளர் ஆபீசில் அவர் எழுதிக் கொடுத்தது மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. ஆறு மணிக்கு மேல் எங்கள் வண்டி ஓடுவதே இல்லை, சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் அப்படி, இந்த டிரைவர் கேட்காமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார், அதனால் நஷ்டஈடு கிடையாது என்று. வீட்டு வாசலில் நின்று கூப்பிட்ட சூப்பர்வைசர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தான். படுபாவி.

நான் குதித்தேன். வளவில் அத்தனை டிரைவர்களும் ராத்திரியில் போயிருக்கிறார்கள், அத்தனை பேரும் வந்து உண்மையைச் சொல்லட்டும் என்றேன். அப்போதுதான் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"தாயி, எல்லாரும் சாட்சி சொல்ல வருவாங்க. நான் சொன்னா வருவாங்க. ஆனா நாங்களும் ஆறு மணிக்கு மேல ஓட்டினோம்னு சொன்னா, ஒப்பந்தத்த நீங்களே மீறிட்டியன்னு அவன் கிழிச்சுப் போட்டுருவான். சும்மா விட்டுட்டா, ஓடுறதே இல்லைன்னு அவன் எழுதின எழுத்து அவனையே கட்டிரும். இனிமே ஒரு பயலைக் கூப்பிட முடியாது." துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அப்போ இவிய கால் எங்கன போச்சுன்னு எம் பிள்ளைக கேட்டா என்ன சொல்ல அண்ணாச்சி? வாய்க்கா மீன் தின்னுட்டுன்னு சொல்லட்டா?" என்று கத்தினேன்.

"ஏளா, சும்மா இரி" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு, "நானாத்தான் எடுத்துட்டுப் போனேன்னு சொல்லிருதேன் அண்ணாச்சி" என்றார்.

தொழிலாளர் ஆபீசுக்கு நானும் போனேன். ஆபீசர் சின்ன வயசு. கெட்டவர் என்று சொல்ல முடியாது, அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "ஆறு மணிக்கு மேல ஓட்ட வேண்டாம்னு சங்கமே கட்டுப்பாடு போட்டிருக்கு. அதையும் மீறி எதுக்குய்யா போனீரு? காசு மேல அவ்வளவு ஆசையா?" என்று கேட்டார். கட்டையை ஊன்றிக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர், "ஆமா சார்" என்றார். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சங்கத்து ஆட்கள் ஒருத்தரும் தலையைத் தூக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "சரியாச் சொல்லிட்டேனா?" என்று என்னிடம் கேட்டார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது.

"சொல்லிட்டீய" என்றேன்.

தலைவர் சொன்னது அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு சூப்பர்வைசர் வளவுப் பக்கமே வரவில்லை. ஆறு மணி அடித்தால் எல்லா வீட்டிலும் ஆம்பிளைகள் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் காலையிலிருந்தே இருந்தார்.