கோப்பில் கிடந்த ஸ்கேன் முடிவு

இரண்டாயிரத்துகளின் நடுவில் நான் புதுச்சேரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். ஐம்பது வயதுக்குள்ளேயே சின்ன இடறலுக்கெல்லாம் எலும்பு முறிந்துபோகிறவர்களின் மரபணுக்களில் என்ன இருக்கிறது என்று எங்கள் குழு தேடிக்கொண்டிருந்தது. முறிந்தவரின் ரத்தம் மட்டும் போதாது. கூடப் பிறந்தவர்களின் ரத்தமும் வேண்டும், அவர்களுடைய எலும்பு அடர்த்தியும் தெரிய வேண்டும். வீடு வீடாகப் போய் அவர்களை அழைத்து வருவது என் வேலை.

உழவர்கரையில் ஒரு பெண் வாசல் தெளிக்கும்போது வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா அரியாங்குப்பத்தில் இருந்தார். மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் மறுக்காமல் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு ஸ்கேனுக்கு வந்தார். முடிவு ஒரு மாதத்தில் தபாலில் வரும் என்று சொல்லி அனுப்பினேன்.

அவருடைய இடுப்பெலும்பு தங்கையுடையதைவிட மோசமாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம்தான். இப்படி ஒரே வீட்டில் இரண்டு பேர் கிடைப்பது அபூர்வம். அந்த அடர்த்தி அளவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். டாக்டரிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டிய கடிதத்தை மற்றவற்றோடு கோப்பில் வைத்தேன். அப்போது ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று நான்கு மாதம் ஓடிவிட்டது.

அவருடைய ரத்தத்திலிருந்து எடுத்த டிஎன்ஏ போதவில்லை என்று தெரிந்தபோதுதான் மறுபடி பஸ் ஏறி ஆற்றைத் தாண்டிப் போனேன். அவர் கட்டிலில் கிடந்தார். இரண்டு வாரம் முன்பு பள்ளிக்கூடச் சமையலறையில் விழுந்து இடுப்பு முறிந்து, ஆபரேஷன் ஆகியிருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் கோபப்படவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ஏம்மா, அன்னிக்கி மிஷின்ல படுக்க வெச்சியே, அதுல ஒண்ணும் தெரியலியா?"

"அப்ப பெருசா ஒண்ணும் தெரியலக்கா."

யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் சரியென்று தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினார். நான் ரத்தம் எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலையே என் வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேங்கிக் கிடந்த கடிதங்கள் எல்லாம் மறுநாளே போக வேண்டும் என்றார். அக்காவுடையதை மட்டும் தபாலில் போடாமல் உழவர்கரைக்கு எடுத்துப்போய்த் தங்கையிடம் காட்டி, நடந்ததைச் சொன்னேன். முன்பே தெரிந்திருந்தால் விழுந்திருக்க மாட்டாளா என்று கேட்டார். விழுவதையோ முறிவதையோ தடுத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மருந்தாவது ஆரம்பித்திருக்கலாம் என்றேன்.

கடிதத்தை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "அவகிட்ட சொல்லாத. உன்ன நம்பித்தான் பொண்ணயும் ஸ்கேனுக்கு அனுப்பறன்னு சொல்லிக்கினு இருக்கா. இது தெரிஞ்சா அந்தப் பொண்ணு வராது."

ஒத்துக்கொண்டேன். மகளின் நன்மைக்காக என்று அன்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

மகள் வந்தாள். அவளுக்கும் அடர்த்தி குறைவுதான். அன்று மத்தியானமே டாக்டர் கையெழுத்தை வாங்கி, முடிவை அவள் கையில் கொடுத்து, அவரிடமே கூட்டிப்போனேன். கால்சியம் மாத்திரையும் உடற்பயிற்சியும் எழுதிக்கொடுத்தார். இடுப்பு முறிந்ததை வைத்தே அம்மாவுக்கும் மருந்து தொடங்கியது. சில மாதங்களில் அவர் கோல் ஊன்றி நடந்தார். ஆனால் சமையல் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. இதுதான் காரணம் என்று சுட்டக்கூடிய ஒற்றை மரபணு எதுவும் அந்தக் குடும்பத்தில் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு சேர்க்கும் பல காரணங்கள் இருக்கலாம் என்று ஆய்வேட்டில் எழுதிப் பட்டம் வாங்கினேன்.

மகள் கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பந்தியில் அக்கா கோலோடு வந்து என் பக்கத்தில் நின்று, சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார்: "எங்க பொண்ணுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சிக் குடுத்தவங்க இவங்கதான்."

நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.