நாய் தின்னாத கேக்

சண்டைக்காலம். சீனிக்கும் மைதாவுக்கும் தட்டுப்பாடு. நான் திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்து வந்து, வாடகை வீட்டில் குடியேறிய பின் வந்த முதல் கிறிஸ்துமஸ். புத்தியுள்ளவன் மனைவி செய்ததைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்திருப்பான். நான் ஆபீசில் போய், "இந்த வருஷம் கேக் என் கையால்" என்று சொல்லிவிட்டேன்.

கேக் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். சின்ன வயதில் ஒரு பங்களாவில் சமையல்காரர் அதைச் செய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பாதியில் அவர் என்னை விரட்டிவிட்டார். ஆகவே கேக் அடுப்புக்குப் போவது வரை தெரியும். வெளியே வருவது தெரியாது.

மனைவி பதமாகத்தான் சொன்னாள். "முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் போதாதா? கேக்கெல்லாம் நமக்கு எதுக்கு?"

"ஆபீஸ்ல சொல்லியாச்சு."

"நீங்க சொன்னதெல்லாம் நடந்திருக்கா?"

நேரே சாலைக் கடைத்தெருவுக்குப் போய் உலர்ந்த திராட்சையும் ஜாதிக்காயும் வாங்கி வந்தேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம், அவள் பல வாரமாகத் தன் காப்பியில் சீனியைக் குறைத்துச் சேர்த்துவைத்திருந்த டப்பாவை என்னிடம் தந்தாள். "சமையலறைக்குள் யாரும் வரக்கூடாது" என்று உத்தரவிட்டேன். யாரும் என்றால் அவள் ஒருத்திதான்.

உருளியில் மணல் பரப்பி, அதில் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மூடிபோட்டு, மூடிமேல் தேங்காய்ச் சிரட்டைக் கனல் வைத்தேன். அதுவரை சரி. ஆனால் பொறுமை எனக்கு எந்த வயதிலும் கிடையாது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சாம்பல் உள்ளே விழுந்தது. எழும்பி வந்த மாவும் என்னைக் கண்டதும் அமுங்கிப்போனது. வேகவில்லையே என்று கனலை அள்ளி அள்ளிப் போட்டேன். கடைசியில் மேலும் கீழும் கரி, நடுவில் களி. துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

மறுநாள் கோவிலில் ஆராதனை முடிந்து வந்த சற்று நேரத்தில் ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள். மூத்தவர் வலியசாலை அக்கிரகாரத்துக்காரர். எங்கள் வீட்டில் வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொள்வார். கேக்கைப் பற்றி விசாரிக்க ஆசாரம் தடையில்லை போலும்.

"என்ன ஓய், ஒரு மாசமா கேக், கேக்னு காதைத் துளைச்சீரே. எங்கே அது?"

"அதை ஏன் கேக்கிறீங்க சார். ஆறட்டும்னு வச்சிருந்தேன். பக்கத்து வீட்டு நாய் வந்து முழுசும் தின்னுட்டுது."

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அந்த அனுதாபம் எனக்குப் பிடித்துப்போயிற்று. "ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கல. அவ்வளவு ருசி போல" என்றேன். மனைவி முந்திரிக்கொத்துத் தட்டோடு நின்று என்னையே பார்த்தாள்.

வேலிக்கு அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாளை நான் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நாயின் அலறல் கேட்டது. பிறகு அவரே வந்தார், கண் கலங்கி, கையில் வாழையிலையில் பொதிந்து அவித்த, ஆவி பறக்கும் இலையடையோடு.

"சாரே, எங்க பட்டி தின்னுட்டுதாமே. பெருநாளும் அதுவுமா இப்படி ஆயிப்போச்சல்லோ! ரெண்டு அடி குடுத்துக் கெட்டிப் போட்டிருக்கேன். இது பிள்ளைகளுக்கு உண்டாக்கின அடை. எல்லாரும் சாப்பிடணும் கேட்டோ."

வேலிக்கு அப்பால் நாய் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அம்மா, நாய் தின்னல. நாந்தான் கரிச்சுப் போட்டேன்."

மனைவிதான் முதலில் சிரித்தாள். நேராகப் போய், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து துணி மூட்டையை எடுத்து வந்து அவர்கள் நடுவில் அவிழ்த்துவைத்தாள். வலியசாலைக்காரர் எட்ட இருந்தே குனிந்து பார்த்து, "நாய் மேல அபாண்டம் ஓய்" என்றார்.

அந்த அம்மாள் ஓடிப்போய் நாயை அவிழ்த்துக் கூட்டிவந்தார். நான் பரிகாரமாக ஒரு துண்டை அதன்முன் வைத்தேன். அது முகர்ந்தது. என்னை ஒருதரம் பார்த்தது. திரும்பிப் போய்விட்டது. அன்றைய சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். கேக் இல்லாத குறை யாருக்கும் தெரியாமல் முந்திரிக்கொத்தும் அடையும் காலியாயின. அம்மாளின் பிள்ளைகளுக்கு மனைவி ஒரு தூக்கு நிறைய அச்சுமுறுக்கு கொடுத்தனுப்பினாள்.

எல்லோரும் போன பிறகு, "சீனியெல்லாம் போச்சேன்னு கோவமா?" என்று கேட்டேன்.

"சீனிக்கில்ல. வாயில்லாத ஜீவனைச் சொன்னீங்க பாருங்க, அதுக்காக்கும் கோவம்."

சாயங்காலம் பண்டிகைச் சாப்பாட்டில் என் பங்கு இறைச்சித் துண்டுகளை இலையில் எடுத்துக்கொண்டு வேலியோரம் போனேன். நாய் எல்லாவற்றையும் தின்றது. வால் மட்டும் ஆட்டவில்லை.