நல்ல கிணற்றை இறைத்தவர்

திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் யோகலிங்கத்தைத் தெரியாத படகுக்காரர் இல்லை. எஞ்சின் மக்கர் பண்ணினால் அவருடைய கராஜ்தான். கைராசிக்காரர். ஒரேயொரு குறை, சும்மா இருக்கத் தெரியாது. உதவி கேட்டால் வருவார்; கேட்காவிட்டால் இன்னும் வேகமாக வருவார்.

கராஜின் பின்வளவில் மீன் குளிர்களஞ்சியம் கட்ட ஒருவர் விலை பேசினார். வாங்க முன்னர் நிலத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் கீர்த்தனி வந்து, வளவில் ஐந்தாறு இடங்களில் குழாய் இறக்கித் தண்ணீர் எடுத்தாள். எல்லாவற்றிலும் கரைப்பான் இருந்தது. எஞ்சின் சாமான்களின் கிறீஸைக் கழுவ யோகலிங்கமும், அவருக்கு முன் அங்கே கராஜ் நடத்தியவரும் வருடக்கணக்காகப் பாவித்த திரவம் அது. கழுவிய மிச்சத்தை மணலில் ஊற்றுவார்கள், மணல் குடித்துவிடும், அத்தோடு கதை முடிந்தது என்று நினைப்பார்கள். மண்ணெண்ணெய் என்றாலாவது மேலே மிதந்து காட்டிக்கொடுத்திருக்கும். இது தண்ணீரைவிடப் பாரம். சத்தம் சலாரில்லாமல் அடிக்குப் போய் உட்கார்ந்துவிடும்.

வேலிக்கு அந்தப்பக்கம் அன்னலட்சுமியின் வீடு. உப்புவெளி விடுதிகளுக்கு விடிய இடியப்பம் அவித்துக் கொடுத்தே இரண்டு பெண்பிள்ளைகளைப் படிப்பித்தவள். மாக் குழைப்பதும் சொதி வைப்பதும் வளவுக் கிணற்றுத் தண்ணீரில்தான். கீர்த்தனி அதிலும் ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு, முடிவு வரும்வரை கிணற்றில் கை வைக்க வேண்டாம் என்று இருவரிடமும் சொல்லிவிட்டுப் போனாள்.

யோகலிங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் வளவு நஞ்சு அந்தப் பெண்ணின் கிணற்றில் இருந்தால் என்ன செய்வது? வெள்ளம் வந்தாலும், பூனை விழுந்து செத்தாலும் நம் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கிணற்றை அடிமட்டும் இறைத்து, குளோரின் போட்டு, புதுத் தண்ணீர் ஊறவிடுவது. சுனாமி வருடத்தில் அவர்களுடைய ஒழுங்கையில் எல்லா வீட்டுக் கிணறுகளையும் இறைத்துக் கொடுத்தவர் அவர். கை வைக்க வேண்டாம் என்றால் குடிக்க வேண்டாம் என்றுதானே அர்த்தம் என்று தனக்குத் தானே விளக்கம் சொல்லிக்கொண்டு, இரண்டு பம்புகளோடு வேலி தாண்டினார். அன்னலட்சுமியும் தடுக்கவில்லை, பிளேன்ரீயும் கடிக்க வாய்ப்பனும் கொடுத்தாள். பொழுது சாயுமட்டும் இறைத்தார். அடுத்த நாள் ஊறியிருந்த தண்ணீர் பளிங்காக இருந்தது. ஒரு கை அள்ளிக் குடித்தும் காட்டினார்.

முடிவோடு வந்த கீர்த்தனி, கிணறு இறைத்த கதையைக் கேட்டதும் தலையில் கை வைத்தாள். இன்னொரு போத்தல் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த முறை இரண்டு முடிவுகளையும் சேர்த்துச் சொன்னாள். இறைக்க முன் எடுத்த தண்ணீர் சுத்தம், பின்னர் எடுத்ததில் கரைப்பான். வெறுமையான கிணற்றை நிரப்பச் சுற்றியுள்ள நிலத்துத் தண்ணீரெல்லாம் ஓடி வந்தது. கராஜ் பக்கத்துத் தண்ணீரும் தன்னிடமிருந்த நஞ்சோடு வந்தது.

"அப்ப என்ர கிணறு நல்லாத்தான் இருந்ததோ?" என்று கேட்டாள் அன்னலட்சுமி.

"ஓம் அன்ரி."

அவள் யோகலிங்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. கோயிலில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நகரசபை பவுசர் லொறி கொண்டுவரும் தண்ணீரில் இடியப்பம் அவித்தாள். கதை பரவி, சில விடுதிகள் இடியப்பத்தை நிறுத்தின. அவள் ஏசாமலிருந்ததைத்தான் யோகலிங்கத்தால் தாங்க முடியவில்லை. ஒழுங்கையில் நின்று நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

இழுத்ததைத் திருப்பி இழுப்பதுதான் வழி என்றாள் கீர்த்தனி. கராஜ் பக்கம் குழாய்க்கிணறு அடித்து இரவு பகலாக இறைத்தால், நஞ்சுத் தண்ணீர் அந்தப்பக்கம் போகாமல் இங்கே திரும்பும். அதை உயரமான கோபுரத்தில் விட்டுக் காற்றடித்துக் கரைப்பானைப் பிரித்து, மிச்சத்தைக் கரி நிரப்பிய பீப்பாக்களில் வடிப்பார்கள். சில வருடங்கள் பிடிக்கும். குழாய்க்கு ஏற்ற இடம் கராஜின் நட்டநடுவே இருந்தது. யோகலிங்கம் தன் கையாலேயே கூரையைக் கழற்றினார். காணி வாங்க வந்தவரும் கழன்றுகொண்டார். அதன்பிறகு ஒழுங்கையோரம் தறப்பாளுக்குக் கீழேதான் வேலை. அன்னலட்சுமியின் கிணற்றில் கரைப்பான் குறைந்துகொண்டு வருவதாகக் கீர்த்தனி சொன்னாள். குடிக்கத்தான் இன்னும் ஏலாது.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் கண்ணயர்ந்தவரைப் படலை தட்டும் சத்தம் எழுப்பியது. அன்னலட்சுமி நின்றாள், கையெல்லாம் மா.

"மோட்டர் நிண்டிட்டுது."

இரவு பகலாக இறைக்கும் குழாய்க்கிணற்றின் இரைச்சல் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஓடிப்போய் மோட்டர்ப் பெட்டியைத் திறந்தார். மோட்டரைக் கிளப்பும் கப்பாசிற்றர் எரிந்திருந்தது. நல்லகாலம், கைவசம் ஒன்று இருந்தது. மாற்றத் தொடங்கினார். அவள் போகவில்லை, பின்னால் வெயிலில் நின்றாள்.

"கேளாத இடத்தில ஓடி ஓடி வேலை செய்வியள். செய்ய வேண்டிய நேரத்தில நித்திரை. எனக்கு ராத்திரியில அந்தச் சத்தம் கேட்டாத்தான் கண் மூடும், தெரியுமோ?"

மோட்டர் இரைந்து கிளம்பியது. அவள் ஏச்சை நிறுத்தவில்லை. இறைத்த நாளில் தொடங்கி, அள்ளிக் குடித்துக் காட்டியது, நின்றுபோன விடுதிகள், பவுசருக்காகக் காத்திருந்த காலைகள் என்று ஒன்றையும் விடவில்லை. யோகலிங்கம் திரும்பிப் பார்க்கவுமில்லை. ஏற்கெனவே இறுகியிருந்த திருகாணியை மறுபடி மறுபடி இறுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசினாலும் அவள் நிறுத்திவிடுவாளோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தார்.