கௌரி மீண்டும் பேசிய ஆடி ஞாயிறு

என் மகள் கௌரியின் வாயை அடைத்தது நோயா, நானா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் அதைத் திறந்தவள் பெரியபாளையத்து பவானி அம்மன். இதை எழுதும்போதே உடம்பு சிலிர்க்கிறது!

சென்ற தை மாதம் என் தம்பியின் கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரர் வரவில்லை. அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. பெரியபாளையத்துக்குப் பக்கத்து ஆரணியில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பதின்மூன்று வயதுக் கௌரியை நடுவில் நிறுத்தினோம்.

“சோறு ஆயிடிச்சின்னு உங்க நைனாகிட்ட சொல்லு.”

“எனக்கு வேணான்னு உங்கம்மாகிட்ட சொல்லு.”

அவர் “வேணா” என்றதை, “அப்புறமா சாப்பிடறாராம்மா” என்று கௌரி மாற்றிச் சொல்வாள். பங்குனியில் ஒரு நாள் அது வெளிப்பட்டது. “பொய்யாடி சொல்ற?” என்று இருவருமே திட்டினோம். அதில் மட்டும் ஒற்றுமை! மறுநாள் முதல் அவள் பேசவில்லை. பள்ளிக்கூடத்திலும் இல்லை. சோறும் சரியாக இறங்கவில்லை. வைத்தியர் தொண்டையைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்.

எட்டாவது தேறியிருந்தும், காற்றோ கருப்போ அண்டிவிட்டது என்று பயந்து அழுதேன். “தாயே, ஆடியில் வேப்பஞ்சேலை கட்டி உன்னைச் சுற்றி வருகிறேன். என் பெண்ணைப் பேச வை” என்று வேண்டினேன்.

ஆடி ஞாயிறு. மாட்டு வண்டியில் மூவரும் பேசாமலே போனோம். சேலைமேல் வேப்பிலை கட்டி, கையில் தேங்காய்த் தட்டுடன் மூன்றாவது சுற்று வரும்போது, வேப்பிலையைச் சேர்த்துக் கட்டிய இடுப்புக் கயிறு அவிழ்ந்தது. அவர் பின்னால்தான் வந்தார். பழக்கதோஷத்தில், “கௌரி, உங்க நைனாவ கட்டச் சொல்லு” என்றேன்.

அவள் அசையவில்லை. உதடு துடித்தது. கண்ணீர் வழிந்தது. அம்மன் எதிரில் அந்த முகத்தைப் பார்த்தேன். ஐயோ, எத்தனை சொல்லை அந்தச் சின்ன வாயில் திணித்திருக்கிறேன்!

நானே திரும்பினேன். “இன்னாங்க, கயிறு அவுருது. கட்டுங்க.”

அவர் கட்டினார். “இறுக்கமா கீதா?”

“கீது.”

“அம்மா! நீங்களே பேசிக்கினீங்க!” கௌரியின் குரல்! நான்கு மாதம் கழித்து! “அப்ப எனக்கு இனிமே வேல இல்ல. வளையல் கடைக்குப் போலாமா நைனா?”

கூடச் சுற்றி வந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “தாயே!” என்று நான் கத்தியே விட்டேன்.

இப்போது அவள் வாய் ஓய்வதில்லை. நம்பிக் கேளுங்கள், அம்மன் கொடுப்பாள். ஆனால் எனக்குக் கோபம் இன்னும் வருகிறது. போன வெள்ளிக்கிழமை அவரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சளசளவென்று பேசிக்கொண்டிருந்த கௌரி சட்டென்று நிறுத்தி, என்னையே பார்த்தாள்.

சகோதரிகளே, பிள்ளை கண்ணில் படாமல் கோபத்தை எப்படி ஆற்றுகிறீர்கள்? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.