ஊருணித் தண்ணீர் குடித்த குரோட்டன்ஸ்

ஐம்பதுகளின் கடைசியில் என் கணவருக்கு ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. புதுக்கோட்டையில் வளர்ந்த எனக்கு வாசலில் ஏதாவது நிறமாக நின்றால்தான் வீடு வீடாகத் தெரியும். அம்மா வீட்டுக் குரோட்டன்ஸ் குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோய் நட்டேன். குட்டிப் பனை மாதிரி ஒற்றைத் தண்டாக நிமிர்ந்து, உச்சியில் மட்டும் நீளநீளமாகச் சிவப்பு இலை விரிக்கும் சாதி அது.

துளிர்த்தது. ஆனால் வீட்டுக் கிணறு உப்பு. வந்த இலையெல்லாம் நுனி கருகி நின்றது. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும். ஒருநாள் ஆத்திரத்தில் குடிதண்ணீர்ப் பானையிலிருந்து மொண்டு ஊற்றினேன். அடுத்த இலை பழுதில்லாமல் வந்தது. அன்றோடு என் புத்தி கெட்டது.

குடிதண்ணீருக்கு ஊருக்கே ஓர் ஊருணிதான். அதில் யாரும் கால் நனைக்க மாட்டார்கள். படியில் குனிந்து, துணியில் வடிகட்டி மொண்டு வருவார்கள். அப்போது நான் பிள்ளை பெற்றிருந்தேன். பச்சை உடம்புக்காரி குடம் தூக்கக் கூடாதென்று பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கண்டித்துவிட்டு, எனக்கும் சேர்த்து அவரே சுமந்து வந்தார். கோடையில் ஊருணி வற்றி, தண்ணீர் அடியில் கிடந்தது. தண்ணீர் போதவில்லை, பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் அடங்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் இன்னொரு நடை போய் வந்தார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் பாதியைச் செடிக்கு ஊற்றினேன்.

செடியின் சிவப்பைப் பார்த்து ஆசைப்பட்டு அக்கா ஒரு குச்சி கேட்டார். கொடுத்தேன். அவர் வீட்டில் அது நுனி கருகியது. நான் என்ன ஊற்றுகிறேன் என்று கேட்டார்.

"கெணத்துத் தண்ணிதான் அக்கா" என்றேன். கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

சில நாள் கழித்து, இடுப்பில் எனக்கான குடமும் கையில் வேரோடு பிடுங்கிய அந்தச் செடியுமாக வந்து நின்றார்.

"எனக்குக் கைராசி இல்லீங்க. எங்கிட்ட இருந்தா பட்டுப்போகும். நீங்களே வச்சுக் காப்பாத்துங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனார். நான் அந்தச் செடியை வாசலில் நட்டு, அவர் சுமந்து வந்த அந்தத் தண்ணீரையே அதற்கு ஊற்றினேன்.