இஸ்திரி போட்ட சட்டை

"வழுக்கும், பார்த்து நடங்கள்" என்று சொல்ல வாருணிக்கு நாலைந்து மொழி தெரியும். அன்று காலை மழைக்காட்டுக்குள் நுழைந்தபோது ஒரு மொழியும் வாயில் வரவில்லை. கையை மட்டும் காட்டினாள். சுற்றுலா வந்த விருந்தாளிகள் பலகைப் பாதையில் வரிசையாகப் போனார்கள். வேர்களைப் படம் பிடித்தார்கள், அட்டை ஒட்டியதும் அலறினார்கள். அவள் இடது முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு பின்னால் வந்தாள்.

கடலோர ஊரான கிராபியில் ஒருநாள் சுற்றுலா என்றால் எல்லா வேனுக்கும் ஒரே வழிதான். காடு, பச்சைக் குளம், வெந்நீர் அருவி, மதியச் சாப்பாடு, கடைசியில் குகைக் கோயில். புருஷன் செத்ததிலிருந்து வழிகாட்டியாக அவள் பிழைப்பு இந்த வழியில்தான். இன்றைக்கு அவள் நினைப்பெல்லாம் கோயிலில் இருந்தது. அவள் மகன் கிட்டி அங்கே துறவியாக இருந்தான்.

மழைக்காலத்துக்கு மட்டும் என்றுதான் பேச்சு. அப்பாவுக்குப் புண்ணியம் சேர மகன் தலையை மழித்துக் காவி உடுத்துவான். மழைக்கால நோன்பு முடிந்ததும் அம்மா சட்டையும் பேண்ட்டும் கொண்டுபோவாள், அவன் உடை மாற்றிக்கொண்டு வீடு திரும்புவான். ஊரில் பல வீடுகளில் இப்படித்தான். நோன்பு முந்தாநாள் முடிந்துவிட்டது. கிட்டியிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அவன் வந்தால் இந்த வேலையை அவன் பார்ப்பான், அவள் காலை நீட்டி உட்காரலாம். முதலாளியிடம்கூடச் சொல்லிவைத்துவிட்டாள்.

"பையில என்ன?" என்றார் வேன் ஓட்டும் ஹேம். வயதில் மூத்தவர். கடலோர முஸ்லிம்கள் அண்ணனை பாங் என்பதால் அவளுக்கும் அவர் பாங்தான்.

"சட்டை, பேண்ட்டு."

"மாப்பிள்ளைக்குக் கொண்டு போற மாதிரில்ல இஸ்திரி போட்டிருக்க. வர்றேன்னுட்டானா?"

"இனிமேதான் கேக்கணும்."

"கேக்கவே இல்லையா? கேக்காமயே இஸ்திரியா! நல்ல ஆளு தங்கச்சி நீ."

"நீங்க ரோட்டப் பாருங்க, பாங்."

வெந்நீர் அருவியில் விருந்தாளிகள் பாறைக் குழிகளுக்குள் இறங்கியவர்கள் ஏற மனமில்லாமல் கிடந்தார்கள். ஆவியும் கந்தக வாசனையும் மரங்களுக்கிடையே நின்றன. உடம்பெல்லாம் நனைந்த ஒருவர் மாற்றுச் சட்டை கிடைக்குமா என்று கேட்டார். வாருணி பையை இறுக்கிக்கொண்டு இல்லை என்றாள்.

"கோயிலுக்குப் போற நாள்ல பொய் சொல்ற" என்றார் ஹேம். "அத விடு. கால அந்தத் தண்ணில கொஞ்ச நேரம் வையேன். உலகமே அதுக்குத்தான் இங்க வருது."

"அப்புறம் இவங்கள யாரு மேய்க்கிறது?"

கோயிலில் விருந்தாளிகளை மலை உச்சிப் புத்தரைப் பார்க்க ஏற்றிவிட்டு, குரங்குகள் ஜாக்கிரதை என்று எச்சரித்துவிட்டு, அவள் பின்பக்கம் போனாள். அங்கே மரங்களுக்கு நடுவில் துறவிகளின் குடில்கள் இருந்தன. பாசி பிடித்த படிகளில் கிட்டி மூங்கில் துடைப்பத்தால் சருகு கூட்டிக்கொண்டிருந்தான். அவள் கீழ்ப்படியில் மெல்ல மண்டியிட்டுக் கும்பிட்டாள். முழங்கால் சுரீரென்றது.

"நோன்பு முடிஞ்சிடுச்சே, சாமி" என்றாள். பெற்றவளே மகனைச் சாமி என்று கூப்பிடுவது இன்னும் அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

"ஆமாம்மா. கால் எப்படி இருக்கு? வெந்நீர்ல வச்சீங்களா?"

"ஆளாளுக்கு அதையே கேளுங்க."

அவன் சிரித்தான். இளைத்திருந்தான். ஆனால் வீட்டில் இருந்தபோது சதா செல்போனைத் தடவிக்கொண்டிருந்த அந்தப் பதற்றம் முகத்தில் இல்லை.

"கோயில் பெரியவர் என்னை மலைக்கு அந்தப்பக்கம் காட்டுக் குடிலுக்கு வரச் சொல்றார், பல வருஷத்துக்கு. இன்னும் பதில் சொல்லல. உங்களக் கேக்கணும்னு இருந்தேன். நீங்க வான்னு சொன்னா வந்துடறேன்மா. குறைபட்டுக்காம வருவேன்."

அவள் காத்திருந்தது இதற்குத்தான். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பையிலிருந்து சட்டையை எடுத்துக் காட்டிவிட்டுச் சொல்லலாம் என்று எழுந்து ஒரு படி மேலே வைத்தாள். ஈரச் சருகு. முழங்கால் மடங்கியது.

கிட்டி துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தாவினான். கை நீண்டது. துறவி ஒரு பெண்ணைத் தொடக்கூடாது, அது அம்மாவாக இருந்தாலும். அது அவனுக்கு மறந்துவிட்டது. அவள் கைக்கு மறக்கவில்லை. பிடித்திருக்க வேண்டிய கையைச் சட்டென்று மார்போடு இழுத்துக்கொண்டாள். கல்லில் இடுப்பு மோத உட்கார்ந்தபடி விழுந்தாள். பை நாலு படி உருண்டு சேற்றில் நின்றது.

அவன் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு அவன் குனிந்து துடைப்பத்தை எடுத்து, அதன் காம்பை அவளிடம் நீட்டினான். அவள் அதைப் பற்றி எழுந்தாள்.

"ஏன்மா கைய இழுத்துக்கிட்டீங்க?"

"நான் எங்க இழுத்தேன்? அதுவா போச்சு."

அவளுக்கு அழுகை வரவில்லை, தன் கைமீது கோபம்தான் வந்தது. காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை தொண்டையில்தான் இருந்தது. ஆனால் அவன் துறவிதான் என்று கையே ஒப்புக்கொண்டபின் அதைச் சொன்னால் யாரை ஏமாற்றுவது?

"பெரியவர்கிட்ட வர்றேன்னு சொல்லுங்க, சாமி."

துறவி வீட்டு மனிதர்களைக் கும்பிடக் கூடாது, பெற்றவளைக்கூட. அதனால் அவன் துடைப்பத்தின் மறுமுனையை இன்னும் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். அவளும் விடவில்லை. மேலே எங்கோ ஒரு விருந்தாளி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். குரங்கு எதையோ பிடுங்கிவிட்டது போலிருந்தது.

திரும்பும் வழியில் வேனுக்குள் எல்லோரும் தூங்கிப்போனார்கள். ஹேம் சேறு அப்பிய பையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு?" என்றார்.

"காலைல சீக்கிரம் எடுங்க. காட்டுல கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடணும்."

வாருணி பையிலிருந்து சட்டையையும் பேண்ட்டையும் எடுத்துச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"இஸ்திரி கலைஞ்சிடும், தங்கச்சி."

"கலையட்டும்."

கொஞ்ச தூரம் போனபின் அவர் மெதுவாகச் சொன்னார். "நாளைக்காவது அந்தத் தண்ணில கால வையி. கூட்டத்த நான் மேய்க்கிறேன்."

"வைக்கிறேன் பாங்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.