ஆரின் ஹௌகனின் மஞ்சள் கோடு

ஆரின் ஹௌகனுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று மொன்டானாவின் அந்தச் சின்ன ஊரில் சொல்வார்கள். அது பொய். மனிதர்களைப் பிடிக்கும், அவர்கள் ஸ்பேனரைக் கையில் எடுத்தால்தான் பிடிக்காது. எட்டு வருடம் ராணுவ ஆயுதக் கிடங்கில், அதன்பிறகு முப்பத்தோரு வருடம் சொந்தத் துப்பாக்கிப் பட்டறையில். அத்தனை காலமும் அடுத்தவன் கெடுத்ததைச் சரிசெய்தே கழிந்ததால், திரிந்த பாலைக் குடித்துவிட்டது போன்ற ஒரு முகம் அவருக்கு நிலைத்துவிட்டது.

பட்டறைச் சுவரில் ஒரு பலகை. அதற்கு அவர் வைத்த பெயர் ‘சமையல் மேசைக் கல்லறை’. வீட்டில் சமையல் மேசைமேல் துப்பாக்கியைப் பிரித்துப்போட்டு, வீடியோ பார்த்துப் பழுது பார்க்கிற மேதாவிகள் நாசமாக்கிய பாகங்கள் அதில் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை, அட்டையில் கெடுத்தவன் பெயர். ஷெரீப்பின் மைத்துனன் பெயர்கூட அதில் உண்டு. காலையில் காபி குடிக்க வரும் பண்ணைக்காரர்கள் முதலில் பலகையைத்தான் பார்ப்பார்கள், புதுசாக யார் மாட்டிக்கொண்டார்கள் என்று.

ஏப்ரலில் குவின் மாதர்ஸ் வந்தான். நிலம் வீடு விற்கிறவன். ஊருக்கு வெளியே பத்து ஏக்கர் வாங்கி ஆடு வளர்க்கிறேன் என்று சொல்லிக்கொள்பவன். கார்பைன் என்கிற குட்டைத் துப்பாக்கி ஒன்றையும், தபாலில் வரவழைத்த ஒரு பெட்டியையும் மேசைமேல் வைத்தான். பெட்டியில் புது ஹேண்ட்கார்டு. குழலைச் சுற்றி இடது கை பிடிக்கிற அலுமினிய உறை. மணல் நிறம், பதினைந்து அங்குல நீளம், நாலு பக்கமும் மேலிருந்து கீழ்வரை, சாமான்கள் மாட்டுவதற்குப் பல் பல்லாக ரெயில்.

"எதுக்குடா நாலு பக்கமும் பல்லு? துணி காயப்போடப் போறியா?"

"டார்ச், லேசர், முன்னாடி ஒரு கைப்பிடி... எல்லாம் மாட்டணும்ல, ஆரின்."

"ஆட்டைத் தூக்க வர்ற நரியைச் சுடப்போறியா, இல்ல அதுக்குப் படம் ஓட்டிக் காட்டப்போறியா?"

காபிக்காரர்கள் சிரித்தார்கள். ஆரின் உள்ளே போய், மேல்பக்கம் மட்டும் ரெயில் உள்ள, மெலிந்த கறுப்பு ஹேண்ட்கார்டு ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தார். "புடிச்சுப் பாரு. இது உன் கைக்கு அடங்குது. அது சீஸ் துருவுற தகடு. அரை நாள் தூக்கித் திரிஞ்சா உள்ளங்கை உரிஞ்சிரும்."

குவின் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவன் பார்க்கிற வீடியோவில் தாடிக்காரன் ஒருவன் மணல் நிறத்தைத்தான் சிபாரிசு செய்திருக்கிறான். அது போதாதென்று, ஆரின் வேலை செய்யும்போது முழங்கைப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த வீடியோவை ஓடவும் விட்டான். குறிபார்க்கக் குழல் முனையில் இருந்த பழைய முன்குறியைக் கழற்றி, வெடிவாயுவைத் திருப்பிவிடுகிற, உறைக்குள் அடங்கும் சின்ன வாயுக்கட்டையை மாட்டி, மணல் நிறச் சனியனை நுழைத்து, அதன்மேல் புது முன்குறியைப் பொருத்தும் வரைக்கும் தாடிக்காரன் பேசிக்கொண்டே இருந்தான். ஆரினுக்கு அந்தத் துப்பாக்கி தன் மேசையைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு, ராணுவத்தில் பழகியது. ஒரு திருகை, இறுக்கத்தின் அளவு காட்டும் ஸ்பேனரால், ‘கிளிக்’ என்று சத்தம் வரும்வரை இறுக்கியதும், திருகின் தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை மஞ்சள் பெயின்டில் ஒரு மெல்லிய கோடு இழுப்பார். பிறகு யாராவது திருகைத் தொட்டால் கோடு உடைந்துவிடும். கோடு முழுசாக இருந்தால் அது ஆரின் வேலை. உடைந்திருந்தால் பலகையில் அட்டை. இதில் ஊரில் யாரும் வாதாடியதில்லை.

ஜூனில் மாவட்டத் துப்பாக்கி சுடும் போட்டி. மறுநாள் காலை குவின் கார்பைனோடு பட்டறைக்குள் நுழைந்தபோது காது சிவந்திருந்தது.

"கடைசி இடம், ஆரின். பதினாலு வயசுப் பொண்ணுகிட்ட தோத்தேன். முதல் அஞ்சு குண்டு நடுவுல. அப்புறம் ஒண்ணு இடதுபக்கம், ஒண்ணு மேல... முன்குறி நகருது. இது உங்க வேலைதானே?"

காபிக் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன. முப்பத்தோரு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவர் முகத்துக்கு நேரே கேட்டதில்லை.

"என் வேலையா? வீட்டுக்குக் கொண்டுபோய் நோண்டியிருக்கே. நெட்டி, ஒரு அட்டையில இவன் பேரை எழுது. பெருசா எழுது."

கல்லாவில் இருந்த அவர் மனைவி நெட்டி எழுதினாள். "நான் தொடவே இல்லைங்க," என்றான் குவின். "வாயுள்ளவன் எல்லாம் இதத்தான் சொல்வான்," என்றார் ஆரின். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆரின், துப்பாக்கியில் குண்டு இல்லை என்று இருமுறை பார்த்துக்கொண்டு, உள்மேசைக்குக் கொண்டுபோய்க் கிடுக்கியில் மாட்டினார். ஹேண்ட்கார்டைப் பிடித்து லேசாகத் திருப்பினார். நகர்ந்தது. ஒரு மயிரிழைதான், ஆனால் நகர்ந்தது. சந்தோஷமாக உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, உறையை இறுக்கிப் பிடிக்கிற இரண்டு திருகுகளையும் பார்த்தார்.

இரண்டு கோடுகளும் முழுசாக இருந்தன. ஒரு விரிசல்கூட இல்லை.

ஸ்பேனரை வைத்துத் தள்ளினார். திருகு முக்கால் சுற்று சுற்றிய பிறகுதான் ‘கிளிக்’ கேட்டது. விரலால் முறுக்கியதோடு விட்டிருக்கிறார். தாடிக்காரன் பேச்சைக் காதில் வாங்கியபடி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, இறுக்காமலே கோடு இழுத்திருக்கிறார். குவினின் தாடிக்காரன்கூட இதைச் செய்திருக்க மாட்டான். இரண்டு மாதமாக அந்த மணல் நிற உறைமேல் இருந்த அருவருப்பு முழுவதும் இப்போது அவர்மேலேயே திரும்பியது.

கோடு இப்போது உடைந்துவிட்டது. அவரே உடைத்தாயிற்று. வெளியே கொண்டுபோய் அதைக் காட்டினால் போதும். அட்டை தயாராக இருக்கிறது, சிரிக்கவும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். கல்லாவிலிருந்து நெட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாக அவர் முகத்தைப் படிப்பவள்.

ஆரின் திருகைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"கோடு உடையாமத்தான் இருந்துச்சு. நான் இறுக்கவே இல்ல. இறுக்காம கோடு போட்டுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் அசிங்கமாக இருந்தது.

"பரவால்ல விடுங்க, ஆரின், யாருக்கும்..."

"பரவால்லைன்னு சொன்னே, பல்லைப் பேத்துருவேன். ஒருத்தனை ஊர் முன்னாடி நிக்கவச்சுப் பொய்யன்னு சொல்லியிருக்கேன். திட்டு. திட்டிட்டுப் போ."

குவினுக்குத் திட்டத் தெரியவில்லை. "சரியாப் போட்டுத் தாங்க, போதும்," என்றான்.

ஆரின் நெட்டி கையிலிருந்த அட்டையை வாங்கினார். குவின் பெயரை அடித்துவிட்டுக் கீழே தன் பெயரை எழுதி, திருகோடு சேர்த்துக் கட்டினார். பலகையில் இடம் இல்லை. ஷெரீப்பின் மைத்துனனைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த ஆணியில் மாட்டினார். பிறகு புதுத் திருகு இரண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே எல்லோருக்கும் ‘கிளிக்’ இரண்டு முறை கேட்டது.